பம்பு வாய்ப் பிள்ளையார்

இரண்டாம் ஊற்று நீரேற்று நிலையம், சீரிஸ் குறுங்கோள்
பொறுப்பாளர்: பிலோமினா கொரேரா

செவ்வாய், 06:00. வழக்கமான பதிவு

கிணறு சரி. பம்பு சரி. ஓட்டம் நூற்றுக்கு நூறு. வடிகட்டி அழுத்தமானியின் முள் எட்டில் நிற்கிறது. சிவப்புக் கோடு நாற்பதில். இடது கூடை ஓட்டத்தில் இருக்கிறது. வலது கூடை கழுவித் தயார்.

இந்தப் பதிவை எனக்கு அடுத்துப் பணிக்கு வருகிறவர் படிக்க வேண்டும் என்பது விதி. யாரும் படிப்பதில்லை என்பது நடைமுறை. ஆகவே ஒன்றும் தெரியாத ஒருவருக்குச் சொல்வது போலவே எழுதி வைக்கிறேன். எனக்கும் பொழுது போகும்.

சீரிஸின் உப்புத் தரைக்கு அடியில் உப்புநீர் இருக்கிறது. அதை இங்கிருந்து ஏற்றி, ஒன்பது கிலோமீட்டர் குழாயில் வெண்ணளம் குடியிருப்புக்கு அனுப்புகிறோம். அங்கே இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்களுடைய அணு உலையைக் குளிர்விப்பது இந்த நீர். உலையிடம் வாங்கிய சூட்டைக் கொண்டுபோய் வீடுகளுக்குக் கொடுப்பதும் இதே நீர். நீரோடு வரும் கல்லும் சேறும் உலையின் வெப்பமாற்றிக்குள் போய்விடக் கூடாது. அதன் தகடுகளுக்கு நடுவில் விரல் நகம் நுழையும் இடைவெளிதான் உண்டு. அடைத்தால் அடைத்ததுதான், மாற்று கிடையாது, அடுத்த கப்பல் வர ஐந்து மாதம் ஆகும். அதனால் பம்புக்கு முன்னால் இரட்டை வடிகட்டி வைத்திருக்கிறார்கள். எஃகு வலையால் செய்த இரண்டு கூடைகள். ஒன்று வேலை செய்யும்போது மற்றதைத் திறந்து கழுவலாம். அழுக்கு ஏற ஏற முள் ஏறும். என் உத்தியோகம் முழுக்க அந்த முள்ளைப் பார்ப்பதுதான். இதற்குத்தான் எம்.டெக். படித்தேன் என்று அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நேற்று ஆயுத பூஜை. நான் தூத்துக்குடி மாதா கோயில்காரி. ஆனாலும் பூஜையை விட்டால் வெண்ணளம் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் இசக்கிராஜ் என்னை விடமாட்டான். பம்பு, மின்பலகை, ஸ்பேனர் பெட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். "பிள்ளையாருக்கு வச்சியளா அக்கா?" என்று இரண்டு தடவை கேட்டான்.

பிள்ளையார் என்பது பம்பின் வாயில் இருக்கும் ஒரு தகடு. குழாயும் பம்பும் சேரும் பிளாஞ்சின் இடுக்கிலிருந்து கட்டைவிரல் அகலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். திறப்பு விழா அன்று யாரோ அதற்குச் சந்தனம் பூசி மாலை போட்டார்களாம். அன்றிலிருந்து அது பம்பு வாய்ப் பிள்ளையார். பன்னிரண்டு வருடக் குங்குமம் ஓடு போல ஏறிக் கிடக்கிறது. வருகிற பொறுப்பாளர் எல்லாரும் பொட்டு வைக்கிறோம், தொட்டுக் கும்பிடுகிறோம், வேலையைப் பார்க்கிறோம்.

செவ்வாய், 14:35

நிலம் நடுங்கியது. தேநீர்க் குவளை மேசையிலிருந்து எழும்பிப் போய், அவசரமில்லாமல் தரைக்கு வந்து சேர்ந்தது. இங்கே எடை அப்படி. என் அறுபது கிலோ இரண்டு கிலோவுக்கும் குறைவு. பம்பு நிற்கவில்லை. குழாயில் விரிசல் இல்லை. முள் எட்டிலிருந்து பத்தொன்பதுக்கு ஏறியிருக்கிறது.

செவ்வாய், 16:10

முள் முப்பத்தைந்து. நீரை வலது கூடைக்குத் திருப்பிவிட்டு இடது கூடையைத் திறந்தேன்.

கூடையைத் திறந்து பார்த்தால் குழாயின் சங்கதி தெரிந்துவிடும். ரப்பர்த் துணுக்கு வந்தால் வால்வு தேய்கிறது. துரு வந்தால் கிணற்றின் உறைக்குழாய் அரிபடுகிறது. இன்று வந்தவை வெள்ளைச் சில்லுகள். கிளிஞ்சல் அளவு, பிளேடு விளிம்பு. கிணற்றுச் சுவரே உடைந்து வருகிறது. கையுறை இரண்டு இடத்தில் கிழிந்தது.

செவ்வாய், 19:00

ஒரு மணி நேரத்துக்கு ஒரு கூடை கழுவுகிறேன். வெண்ணளத்தின் தலைமைப் பொறியாளர் வேதமூர்த்தி கூப்பிட்டார். நல்ல மனிதர், கும்பகோணத்துக்காரர், கத்திப் பேசத் தெரியாதவர். நடுக்கத்தில் நேர்ப்பாதை பிளந்துவிட்டதாம். எனக்கு உதவியாக இரண்டு பேரை வண்டியில் அனுப்பியிருக்கிறார். பிளவை நடந்தும் தாண்ட முடியாது, அவர்கள் எரிகல் பள்ளத்தின் கிழக்கு விளிம்பைச் சுற்றி முந்நூறு கிலோமீட்டர் வர வேண்டும், சனிக்கிழமை காலை ஆகும் என்றார். அதுவரை ஒற்றை ஆள் சமாளிக்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். வேறு ஆள் இல்லை என்றார். அப்படியானால் முடியும் என்றேன்.

புதன், 05:15

அரை மணிக்கு ஒரு கூடை. இடைவெளியில் நின்றபடியே தூங்கக் கற்றுக்கொண்டேன். இந்த ஈர்ப்பில் அது பெரிய வித்தையில்லை. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக ஓட்டம் எழுபதுக்கு வந்துவிட்டது.

புதன், 09:20

பதிவுக்காக அப்படியே எழுதுகிறேன்.

வெண்ணளம், வேதமூர்த்தி: "பிலோமினா, ஓட்டம் அறுபதுக்கு வந்துடுச்சு. இன்னும் இருபது குறைஞ்சா உலை தானாவே நின்னுடும். பைபாஸத் திறந்து வடிகட்டி இல்லாம ஓட்டுங்க. ரெண்டு மணி நேரம் போதும், இங்க சேமிப்புத் தொட்டிய சூடாக்கிக்கிறோம்."

இரண்டாம் ஊற்று: "சார், உங்க வெப்பமாத்தி அடைக்க இந்தத் தண்ணி ரெண்டு நிமிஷம் போதும். திறக்க மாட்டேன்."

"இது வேண்டுகோள் இல்ல. உத்தரவு."

"பிலோமினா மாட்டேங்கான்னு எழுதிக்கிடுங்க."

அவரைக் குறை சொல்லவில்லை. அவர் எதிரில் இருநூறு பேர் போர்வையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அவருக்கு இன்றைய குளிர் தெரிகிறது. எனக்கு அடுத்த ஐந்து மாதம் தெரிகிறது.

நான் இதற்கு முன் கடலோரத்தில் ஒரு மின் நிலையத்தில் வேலை பார்த்தேன், பெயர் வேண்டாம். ஒரு சித்திரை மாதம் கடலில் இருந்து சொறி மீன் என்கிற ஜெல்லி மீன் கூட்டம் கூட்டமாக வந்து நீர் எடுக்கும் வலையை அடைத்தது. மின்சாரம் நிற்கக் கூடாது என்று வலையைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினார்கள். மின்சாரம் நாற்பது நிமிடம் நின்றிருக்க வேண்டியது, இரண்டு வாரம் நின்றது. குழாய்க்குழாயாகச் சொறியைத் தோண்டி எடுத்த கூட்டத்தில் நானும் இருந்தேன். அந்த நாற்றம் மூக்கை விட்டுப் போக ஒரு வருடம் ஆயிற்று. அங்கே தோண்டவாவது ஆட்கள் இருந்தார்கள், சாமான் வாங்கக் கடை கண்ணி இருந்தது.

பைபாஸ் வால்வை வெண்ணளத்திலிருந்தே திறக்க முடியும். அதனால் அதன் பியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். சூடாக இருந்தது.

புதன், 13:00

கழுவி முடிப்பதற்குள் அடுத்தது அடைக்கிறது. முள் நாற்பதைத் தாண்டி ஐம்பதில் நிற்கிறது. கூடை தாங்க வேண்டும்.

புதன், 17:30

வெண்ணளம், இசக்கிராஜ்: "அக்கா, முள்ளு மூணுக்கு இறங்கிட்டு. தண்ணி தெளிஞ்சிட்டுன்னு நினைக்கேன். இங்க எல்லாரும் கை தட்டுதாவ."

நான் கை தட்டவில்லை. கிணற்று நீர் இன்னும் பால் போல வருகிறது. அழுக்கு நீர் ஓடும்போது வடிகட்டியின் முள் திடீரென்று இறங்கினால் அது சுத்தமானதாக அர்த்தமில்லை. கிழிந்துவிட்டதாக அர்த்தம்.

நீரைத் திருப்பிவிட்டு வலது கூடையை வெளியே எடுத்தேன். அடியில் ஒரு சாண் கிழிசல். எப்போது கிழிந்தது என்று தெரியாது. எவ்வளவு சில்லு உள்ளே போனது என்றும் தெரியாது. வெப்பமாற்றியைப் பாருங்கள் என்று கத்தினேன். அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்றான் இசக்கி. திரும்பப் பார்க்கச் சொன்னேன். சரியாகத்தான் இருக்கிறது என்றான்.

எப்படி? அவ்வளவு சில்லும் எங்கே போயிற்று?

புதன், 21:40

இடது கூடையும் தையலில் பிரிகிறது. இரண்டையும் எஃகுக் கம்பியால் தைத்தேன். கிழிந்த மீன்வலை பொத்தும் வீட்டில் பிறந்தவள் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அப்பா லாரி ஓட்டினார். தைக்க எனக்கு நானேதான் கற்றுக்கொடுத்தேன், கோணல்மாணலாக.

வியாழன், 07:50

தைத்த கூடைகள் பாதிதான் பிடிக்கின்றன. முள் பத்தில். ஓட்டமோ நாற்பத்தைந்து. முள் இறங்கியிருக்க ஓட்டம் ஏன் குறைய வேண்டும்?

பம்பு கல்லை மெல்கிறது. சத்தம் அப்படியே அதுதான். வாய் நிறையக் கூழாங்கல்லைப் போட்டு அரைக்கிற சத்தம். கிழிசல் வழியாகப் போன சில்லு எல்லாம் பம்புக்குள் சிக்கியிருக்கிறது என்பது என் முடிவு. நிறுத்தித் திறக்க வேண்டும்.

வியாழன், 08:30

நிறுத்தினால் உலை நின்றுவிடும் என்றார் வேதமூர்த்தி. சேமிப்புத் தொட்டியில் ஒரு நாளைக்கு வேண்டிய சூடு இருந்தது, இப்போது பாதி தீர்ந்துவிட்டது, நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். இசக்கிராஜ் நடுவில் வந்தான்.

"அக்கா, பிள்ளையள் ரெண்டும் சாப்பாட்டுக் கூடத்துல கெடக்கு. எம் பொண்டாட்டியும் நானும் நடுவுல போட்டுப் படுத்திருக்கோம். நிறுத்தாதிய அக்கா."

அவனுக்கு ஆறு மாத இரட்டைப் பெண்கள். பெயர் வைக்கும் அன்று என்னிடம் ரேடியோவில் அழவைத்துக் காட்டினான்.

"எல இசக்கி, பம்பு ஒடைஞ்சா நிறுத்தவும் வேண்டாம், ஓட்டவும் வேண்டாம். ஒரு மணி நேரம் தா எனக்கு. பிள்ளையளப் போத்தி வை."

நிறுத்திவிட்டேன். பேச்சை வளர்க்கவில்லை. இரண்டு நாளாகப் பம்பின் இரைச்சலிலேயே இருந்துவிட்டு, அது நின்றதும் காதுக்குள் என் இரத்தம் ஓடுவது கேட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது.

வியாழன், 09:15

பம்பைத் திறந்தேன். உள்ளே ஒரு கல் கூட இல்லை. இறக்கைகள் புதிதாக மின்னுகின்றன.

என் முடிவு தவறு. இரண்டு குழந்தைகளின் சூட்டை எடுத்துக் காலிப் பம்பைப் பார்த்திருக்கிறேன்.

யோசி, பிலோமினா. கல் இல்லாமல் கல் அரைக்கும் சத்தம் எப்போது வரும்? பம்பு பட்டினி கிடந்தால் வரும். குடிக்க நீர் கிடைக்காமல் நுரையைக் கடித்தால் வரும். அப்படியானால் அடைப்பு பம்புக்கு முன்னால் இருக்கிறது. கூடைகளுக்குப் பின்னால் இருக்கிறது. நடுவில் இருப்பது ஒரு முழம் குழாய், இரண்டு பிளாஞ்சு.

அப்புறம் பிள்ளையார்.

வியாழன், 09:25

ஸ்பேனர் முனையால் குங்குமத்தைச் சுரண்டினேன். ஓடு ஓடாகப் பெயர்ந்து மெல்லத் தரைக்கு இறங்கியது. அடியில் துரு இல்லாத எஃகு. நுனியில் ஒரு துளை, கொக்கி மாட்ட.

இது கைப்பிடி.

புதுக் குழாய் போட்டதும் உள்ளே வெல்டிங் கசடு, போல்ட் துண்டு, மறந்துபோன கைத்துணி எல்லாம் கிடக்கும். முதல் ஓட்டத்தில் அவை பம்புக்குள் போகாமல் இருக்க, பம்பின் வாயில் கூம்பு வடிவில் ஒரு தற்காலிக வடிகட்டியைச் சொருகுவார்கள். நாலு நாள் ஓட்டிவிட்டு எடுத்துவிட வேண்டும். உள்ளே ஒன்று இருக்கிறது, மறக்காதே என்று சொல்வதற்காகத்தான் அதன் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உலகத்தில் எங்கே வேலை பார்த்தாலும் இதுதான் முறை. அந்தக் கைப்பிடிக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, பன்னிரண்டு வருடம் கும்பிட்டிருக்கிறோம். பொட்டு வைத்த பொருளைக் கழற்ற யாருக்குக் கை வரும்? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நாங்கள் வடிகட்டியைப் பிடித்துப் பிள்ளையார் ஆக்கிவிட்டோம்.

சிரித்தேன். தனியாக ஒருத்தி அவ்வளவு நேரம் சிரிக்கக் கூடாது.

வேதமூர்த்தியிடம் சொன்னேன். அவர் சொன்னார்: "அன்னிக்கு மாலை போட்டது நான்தாம்மா. வேலைக்குச் சேர்ந்து மூணாவது நாள். நீட்டிக்கிட்டு இருந்துது, மாட்ட வசதியா இருந்துது, மாட்டிட்டேன்."

அவர் என்னை அம்மா என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

வியாழன், 10:40

பிளாஞ்சைப் பிரித்தேன். கிணற்றுப் பக்கத்து வால்வை இறுக மூடியிருந்தேன். ஆனால் அதன் வாயில் சில்லு சிக்கியிருக்கிறது, முழுதாக மூடவில்லை. உப்புநீர் பீறிட்டு வந்தது. பூஜ்யத்துக்கு எட்டுப் பாகை கீழே, இருந்தும் உறையாத நீர். உருண்டை உருண்டையாகப் பறந்து சுவரில் ஒட்டியது, என் மேல் ஒட்டியது. தடித்த கையுறையோடு நட்டைத் திருக முடியாது, கழற்றிவிட்டேன். இங்கே இன்னொரு வேடிக்கை, நட்டைத் திருகினால் நட்டு திரும்பாது, நாம்தான் திரும்புவோம். காலைக் குழாயடியில் முட்டுக் கொடுத்துத் திருகினேன்.

கைப்பிடியைப் பிடித்துக் கூம்பை இழுத்தேன். உள்ளே வெள்ளைச் சில்லு இறுகி அச்சு வெல்லம் மாதிரி இருந்தது. புதன்கிழமை கிழிசலில் போனது எல்லாம் இங்கேதான் இருக்கிறது. ஒன்று கூட வெண்ணளம் போகவில்லை. அதனால்தான் வெப்பமாற்றி சரியாக இருந்திருக்கிறது. கழற்ற மறந்த ஒன்று இருநூற்றுப் பன்னிரண்டு பேரைக் காப்பாற்றியிருக்கிறது.

கும்பிட்டதில் தப்பில்லை என்று இசக்கியிடம் சொல்லிவிட்டேன். அவன் அழுதான்.

வியாழன், 11:30

கூடைகள் இரண்டும் இனி உதவாது. மூன்று வடிகட்டியில் கிழியாதது இந்தக் கூம்பு ஒன்றுதான். கழுவி மீண்டும் சொருகினேன். எட்டு போல்ட்டுக்குப் பதில் நான்கு போட்டேன், சீக்கிரம் கழற்ற. அழுத்தமானியின் சிறு குழாயைக் கூடையிலிருந்து எடுத்துப் பம்பு வாயில் மாட்டினேன். இனி முள் காட்டுவது கூம்பின் அடைப்பை.

பம்பு ஓடுகிறது. ஓட்டம் எண்பது. உலையை மறுபடி எழுப்பிவிட்டார்கள். வெண்ணளத்தில் குழாய்கள் சூடாகத் தொடங்கின என்று இசக்கி சொன்னான்.

இங்கே அப்படி இல்லை. பறந்த உப்புநீர் மின்பலகைக்குள் போய் அறையின் சூடேற்றியை எரித்துவிட்டது. பம்பின் மின்சாரம் தனிப்பாதை, அதனால் தப்பித்தது. குளிர் உடை போட்டிருக்கிறேன். உடம்புக்குப் பயமில்லை. கைக்குத்தான்.

வியாழன், 15:00

கூம்பு மூன்று மணி நேரம் தாங்கியது. நிறுத்து, பிரி, கழுவு, சொருகு, ஓட்டு. நாற்பது நிமிடம். ஒவ்வொரு தடவையும் கை வெளியே, நீர் உள்ளே. விரல் நுனிகள் வெள்ளையாகிவிட்டன. வலி இருக்கிறது. வலி இருக்கும்வரை விரல் இருக்கிறது.

வியாழன், 18:50

வெண்ணளம், வேதமூர்த்தி: "பிலோமினா, போதும். பம்ப நிறுத்திட்டு குளிர் உடையோட அறையில படுத்துக்குங்க. நாங்க எல்லாரும் ஒரே கூடத்துல இருந்து சமாளிச்சுக்கறோம். சனிக்கிழமை வண்டி வந்துடும்."

தொட்டியில் எத்தனை மணி நேரச் சூடு இருக்கிறது என்று கேட்டேன். மறைக்காமல் சொன்னார்: பத்து. சனிக்கிழமைக்கு இன்னும் ஒன்றரை நாள் இருக்கிறது. நடுவில் உள்ள குளிருக்கு யாருடைய குழந்தையைக் கொடுப்பது என்று கேட்டேன்.

"உங்க கை போயிடும்மா."

"என் கை சார் அது. உங்க கணக்குல இல்ல."

நேற்று வடிகட்டி இல்லாமல் ஓட்டு என்றார். இன்று நிறுத்து என்கிறார். முதலாவது பயத்தில் சொன்னது, இரண்டாவது பாசத்தில் சொன்னது. இரண்டுக்கும் என் பதில் ஒன்றுதான், மாட்டேன். கல்லும் போகாது, நீரும் நிற்காது. அதற்குத்தான் இங்கே வடிகட்டியும் பம்பும் இருக்கின்றன, அதற்குத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன்.

வெள்ளி, 06:00. வழக்கமான பதிவு

வழக்கம் என்று எழுதப் பிடித்திருக்கிறது. கிணறு மோசம். பம்பு சரி. ஓட்டம் எழுபத்தெட்டு. முள் இருபத்திரண்டு. பொறுப்பாளர் சுமார்.

இடது கை விரல்களில் வலி இல்லை. அதைப் பற்றி இப்போது எழுத வேண்டாம்.

வெள்ளி, 10:20

விரல் எழுத்துக்கு வரவில்லை. இனி பேசுகிறேன், கருவி எழுதிக்கொள்ளட்டும். நட்டு கைநழுவித் துள்ளிப் போய்விட்டது, கால் மணி நேரம் தேடினேன். நான்கு போல்ட்டில் மூன்றுதான் இப்போது. ஸ்பேனரை மணிக்கட்டில் கம்பியால் சேர்த்துக் கட்டிவிட்டேன். தையல் உதவுகிறது பாருங்கள்.

கோபமாக இருக்கிறது. யார் மேல் என்று தெரியவில்லை. கிணற்றின் மேல் என்று வைத்துக்கொள்வோம். நானூறு கோடி வருடம் சும்மா கிடந்தது, இந்த வாரம்தான் உடைய வேண்டுமாம். உடையட்டும். அதனிடம் எவ்வளவு கல் இருக்கிறது என்று பார்த்துவிடுகிறேன்.

வெள்ளி, 14:05

இசக்கி குழந்தைகளை ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்தான். ஒன்று விக்கியது. மற்றது தூங்குகிறதாம். அங்கே அறை பதினெட்டுப் பாகை. சட்டை போடாமல் கிடக்கிறதுகளாம். சட்டை போடச் சொல்லித் திட்டினேன்.

வெள்ளி, 18:30

கழுவினேன். ஓட்டம் எழுபது. கைப்பிடியில் என் தோல் ஒட்டிக்கொண்டது. இழுத்தால் வந்துவிட்டது. சிவப்பாக ஒரு தடம். இந்த வருடப் பொட்டு இரண்டாவது தடவை வைத்தாயிற்று, இசக்கியிடம் சொல்லாதீர்கள்.

வெள்ளி, 22:00

நிறுத்து. பிரி. கழுவு. சொருகு. ஓட்டு.

அம்மாவுக்கு, எம்.டெக். வீண் போகவில்லை.

சனி, 03:20

சில்லு சிறுத்துவிட்டது. மணல் அளவு. கிணறு அடங்குகிறது என்று நினைக்கிறேன். நினைப்பை நம்ப முடியவில்லை. சற்று முன் பம்புக்கு இரண்டு வாய் தெரிந்தது.

போல்ட் இரண்டு. கசிகிறது. கசியட்டும். தரையெல்லாம் உப்பு பூத்து வெள்ளையாக இருக்கிறது. எங்கள் ஊர் உப்பளம் வெயிலில் இப்படித்தான்

வெயில் இல்லை இங்கே.

சனி, 06:00. வழக்கமான

முள் பதினான்கு. பம்பு சரி.

வேதமூர்த்தி பேசிக்கொண்டே இருக்கிறார். வண்டி விளிம்பைத் தாண்டிவிட்டது, தூங்காதே, தூங்காதே என்கிறார். சார், நான் தூங்கவில்லை, உட்கார்ந்திருக்கிறேன். முள் தெரிகிற மாதிரி. குழாயில் முதுகைக் கட்டிக்கொண்டேன், சரிந்து விழாமல் இருக்க.

சனி

மணி பார்க்கவில்லை.

கதவைத் திறக்கிறவர்களுக்கு. கண்டெடுப்பவர்களுக்கு. பைபாஸ் பியூஸ் என் சட்டைப்பையில் இருக்கிறது. மாட்டாதீர்கள். வேதமூர்த்தி சொன்னாலும் மாட்டாதீர்கள்.

ஸ்பேனர் என் வலது மணிக்கட்டில். கம்பியை அறுத்து எடுத்துக்கொள்ளுங்கள். இழுக்க வேண்டாம்.

நான் பதில் சொல்லவில்லை என்றால் உலுக்கிக்கொண்டு நிற்காதீர்கள். அதற்கு நேரம் இருக்கும். வந்ததும் என்னைப் பார்க்கக் கூடாது. முள்ளைப் பாருங்கள். நாற்பதைத் தொட்டிருந்தால் நிறுத்துங்கள், பிள்ளையார் காதைப் பிடித்து இழுங்கள், கழுவுங்கள், மறுபடி சொருகுங்கள். ஓட்டம் வந்துவிட்டதா என்று இசக்கியிடம் கேளுங்கள். வந்துவிட்டது என்று அவன் வாயால் சொல்ல வேண்டும்.

அப்புறம் என்னிடம் வாருங்கள்.

முள் இப்போது இருபத்தாறு. ஏறுகிறது. இன்னும் ஒரு தடவை என்னால்